தாதர் வீட்டில் முளைத்த பட்டாணி!

மாட்டுங்காவில் ரெயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தாதர். காலையிலும் மாலையிலும் அங்கே முண்டியடித்து ஏறி இறங்கும் கூட்டத்தில் தமிழர்கள் ஏராளம். கிழக்குப் பக்கம் வெளியே வந்தால், அங்குள்ள ஒரு சாலைக்குப் பெயர் தாதாசாகேப் பால்கே சாலை.

அந்தப் பெயர் நம்மவர்களுக்குப் புதியது அல்ல. சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் பெற்ற மத்திய அரசின் சினிமா விருது பால்கேயின் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

ஆனால் அந்த மனிதர் சினிமாவைத் தொடங்கியது பெரிய ஸ்டூடியோவில் அல்ல. இதே தாதரில், தன் வீட்டில், ஒரு மண் தொட்டியில் ஊன்றிய பட்டாணி விதையை வைத்துத்தான் தொடங்கினார்!

கண்ணைப் பறித்த ஆசை

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870-ம் ஆண்டு நாசிக் அருகே உள்ள திரியம்பகேசுவரத்தில் பிறந்தவர். பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியிலும், பிறகு பரோடா கலாபவனிலும் படித்தார். ஓவியம், போட்டோ, அச்சுக்கலை, மாயாஜாலம் என்று அவர் கை வைக்காத கலை இல்லை.

கோத்ராவில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். பிளேக் நோய் முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோயிற்று. தொல்பொருள் துறையில் வேலை பார்த்தார், விட்டுவிட்டார். அச்சகம் தொடங்கினார், கூட்டாளிகளோடு ஒத்துப்போகாமல் அதையும் விட்டார். நாற்பது வயதில், குடும்பஸ்தராக, வேலை இல்லாமல் நின்றார்.

அப்போதுதான், 1910-11 வாக்கில், பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு மவுனப் படத்தைப் பார்த்தார். 'நம்முடைய ராமரும் கிருஷ்ணரும் இப்படித் திரையில் வர மாட்டார்களா?' என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

மலிவான சினிமாக் கருவி ஒன்றையும் பழைய படச் சுருள்களையும் வாங்கினார். ராத்திரி முழுவதும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுவரில் படம் காட்டிப் பார்த்தார். மாலை வேளைகளில் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினார். தூக்கம் மூன்று மணி நேரம்தான். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின.

கண்கள் தாங்குமா? பார்வை மங்கி, சில காலம் ஒன்றுமே தெரியாமல் போயிற்று. ஒரு டாக்டர் சிகிச்சை அளித்து, மாற்றி மாற்றிக் கண்ணாடி கொடுத்துப் பார்வையை மீட்டுத் தந்தார். பார்வை திரும்பியதும் பால்கே மறுபடியும் அதே வேலையில் இறங்கினார்!

லண்டன் பயணம்

இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே சினிமாப் பத்திரிகை ஒன்றின் அலுவலகத்துக்குள் நேரே நுழைந்து, அதன் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். 'இந்த வம்பு உங்களுக்கு வேண்டாம்' என்ற தோரணையில் எச்சரித்த அந்த ஆசிரியரே, பிறகு இவருடைய உறுதியைக் கண்டு, ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரிடம் அழைத்துப் போனார். ஸ்டூடியோ முழுவதையும் பால்கே சுற்றிப் பார்த்தார்.

சுமார் 50 பவுண்டுக்கு ஒரு வில்லியம்சன் காமிரா வாங்கினார். கோடாக் பிலிமுக்கும், பிலிமின் ஓரத்தில் துளை போடும் கருவிக்கும் ஆர்டர் கொடுத்தார். ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். தாதரில் மதுரா பவன் என்ற வீட்டுக்குக் குடும்பத்தோடு குடிவந்தார்.

காமிரா வந்துவிட்டது. ஆனால் கையில் காசு இல்லை. முழுப்படம் எடுக்கப் பணம் வேண்டும். இந்தியாவில் படம் எடுக்க முடியும் என்று எந்தப் பணக்காரர் நம்புவார்? சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள். எதைக் காட்டுவது? நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழி இல்லை.

சம்பளம் கேட்காத நடிகர் ஒருவர் கிடைத்தார். அதுதான் பட்டாணி!

தொட்டிக்கு முன்னால் காமிரா

ஒரு தொட்டியில் விதையை ஊன்றி, அதன் முன்னால் காமிராவை நிறுத்தினார். விதை முளைவிட்டு, தண்டு நீண்டு, இலை விரித்து, செடியாகும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக விட்டுவிட்டுப் படம் பிடித்தார். ஓடவிட்டபோது, அத்தனை நாள் வளர்ச்சியும் சுமார் ஒரு நிமிடத்தில் திரையில் நடந்து முடிந்தது!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. சினிமாச் சுருளில் இருப்பவை எல்லாம் அசையாத படங்களே. மவுனப் படக் காலத்தில் வினாடிக்கு சுமார் 16 படம் வீதம் ஓட்டினார்கள். அந்த வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் பிரிக்க முடியாது. எல்லாம் சேர்ந்து அசைவாகத் தெரிகிறது. எடுக்கும்போது மணிக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்து, காட்டும்போது வேகமாகக் காட்டினால், செடி கண் முன்னே வளரும்.

குமாஸ்தா நண்பர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 16 என்றால், ஒரு நிமிடத்துக்கு 960 படங்கள். ஒரு அடி பிலிமில் 16 படங்கள் அடங்கும். ஆக, 60 அடி பிலிம். நாளைக்கு ஒரு படம் மட்டுமே எடுத்தார் என்று சொல்வது உண்டு. அப்படியானால் ஒரு மாதத்தில் கிடைப்பது இரண்டு வினாடிப் படம்தான்! ஒரு நிமிடம் ஓட வேண்டும் என்றால், தினமும் இருபது, முப்பது தடவை காமிரா அருகே வந்திருக்க வேண்டும்.

அத்தனை தடவையிலும் காமிரா ஒரு நூலளவு நகர்ந்தால் போதும், திரையில் செடி துள்ளும். விளக்கு வசதி இல்லாத காலம். சூரிய வெளிச்சம் ஏறி இறங்கினால் படம் வெளுக்கும், கறுக்கும். குழந்தைகள் விளையாடும் வீடு. தொட்டி சற்றுத் திரும்பினாலும் போச்சு! எல்லாம் சரியாக வந்ததா என்பது பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. கெட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதல் விதையிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மனைவிதான் முதல் டெக்னீஷியன்

இந்த வேலையில் பால்கேக்குக் கை கொடுத்தவர் மனைவி சரஸ்வதிபாய். அந்நாளில் பிலிம், ஓரத்தில் துளை இல்லாமல்தான் வரும். துளை போட்டால்தான் காமிராவின் பல்லில் மாட்டி ஓடும். வெளிச்சம் படாமல், இருட்டில், இடைவெளி பிசகாமல் துளை போட வேண்டும். அதை அந்த அம்மையார் கற்றுக்கொண்டார். மருந்து கலக்கவும், பிலிம் கழுவவும் பழகினார். பகலில் சமையல், ராத்திரியில் பிலிம் வேலை!

பட்டாணிப் படத்தைச் சில நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார் பால்கே. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. ஆனால் ஈடு கேட்டார்கள். சரஸ்வதிபாய் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்தப் பணத்தில் உருவானதுதான் 'ராஜா ஹரிச்சந்திரா'. தாராமதியாக நடிக்கப் பெண் யாரும் முன்வரவில்லை. கிராண்ட் ரோடு பக்கம் ஒரு ஓட்டலில் மாதம் 10 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்த சாலுங்கே என்ற இளைஞரை, 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்து வந்து சேலை கட்டினார் பால்கே. லோகிதாசனாக நடித்தது அவருடைய மகன் பாலச்சந்திரா.

அறுபது, எழுபது பேருக்கும் வீட்டிலேயே சாப்பாடு. சமைத்தவர் சரஸ்வதிபாய். படப்பிடிப்பு வேளையில் நடிகர்கள் முகத்தில் வெளிச்சம் விழ, வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவரே.

1913 மே 3-ந் தேதி பம்பாய் கிர்காவில் கொரனேஷன் கொட்டகையில் படம் வெளியாயிற்று. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்ற பெயரும் அதற்கே கிடைத்தது.

தீக்குச்சியும் நடித்தது

வெற்றி வந்த பிறகும் பால்கேயின் சோதனைப் புத்தி மாறவில்லை. நாசிக்குக்குக் குடிபோன பிறகு, தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துப் படம் பிடித்து, அவை தாமாகவே ஓடியாடுவது போலக் காட்டினார். நாணயங்களையும் அப்படியே நடனமாட விட்டார். எல்லாம் பட்டாணியிடம் படித்த பாடம்தான்.

1917-ல் அவர் எடுத்த 'லங்கா தகனம்' சென்னையிலும் ஓடியது. வசூலான சில்லறையைப் போலீஸ் காவலுடன் மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்று சொல்வார்கள்.

பால்கேயின் படங்களைப் பார்த்து ஆசை கொண்டவர்களில் ஒரு தமிழரும் உண்டு. சென்னையில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்றுவந்த ஆர்.நடராஜ முதலியார்தான் அவர். புனாவுக்குப் போய் ஒரு வெள்ளைக்காரக் காமிராமேனிடம் தொழில் கற்றார். 1918 வாக்கில் 'கீசக வதம்' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. தமிழ் சினிமாவின் வேரைத் தோண்டிப் போனால், ஒரு கிளை தாதர் தொட்டியில் போய் முட்டுகிறது!

பேசும் படம் வந்ததும் பால்கேயின் காலம் முடிந்தது. 1944 பிப்ரவரி 16-ந் தேதி நாசிக்கில், வசதி ஏதும் இல்லாத நிலையில் காலமானார். 1969 முதல் அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. அந்தப் பட்டாணிப் படம் இன்று கிடைக்கவில்லை.

இன்று கைபேசியிலேயே 'டைம் லாப்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இடைவெளி விட்டுப் படம் பிடித்து, சேர்த்து ஓட்டிக் காட்டும் வேலையை அதுவே செய்துவிடும். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருப்பவரும் ஜன்னலில் ஒரு டப்பாவில் வெந்தயம் போட்டு, கைபேசியை அசையாமல் நிறுத்திவைத்து, முளைக்கும் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். செலவு ஒன்றும் இல்லை. பார்வையையும் பாலிசியையும் நகையையும் பணயம் வைக்க வேண்டியதும் இல்லை.

தாதரில் அந்தச் சாலையைக் கடக்கும்போது, பலகையில் இருப்பது கணவரின் பெயர் மட்டும்தான். அந்த இருட்டறையில் உட்கார்ந்து பிலிமுக்குத் துளை போட்ட சரஸ்வதிபாயையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிடம் போதும். பட்டாணி வளர்ந்ததும் அவ்வளவு நேரத்தில்தான்!