ஒரே நேரத்தில் இரண்டு ரத்தப் புட்டிகள்

கழுத்து, மார்பு அல்லது தொடையின் பெரிய ரத்தக்குழாயில் செருகி வைக்கப்படும் மெல்லிய குழாய்க்கு சென்ட்ரல் லைன் என்று பெயர். ஐ.சி.யூ.வில் மருந்து ஏற்றவும், கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக அமைக்கும் ரத்தக்குழாய் இணைப்பு) தயாராகும்வரை டயாலிசிஸ் செய்யவும் இது வேண்டியிருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தேனி, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கழுத்தில் குழாயுடன் அவ்வளவு தூரம் ஊர் திரும்பும் டயாலிசிஸ் நோயாளிக்கு வீட்டில் காய்ச்சல் வந்தால் அதை 'வைரஸ் காய்ச்சல்' என்று விட்டுவிடக் கூடாது. தோலிலும் குழாயின் வாயிலும் உள்ள கிருமிகளுக்கு அந்தக் குழாயே ரத்தத்துக்குள் போகும் வழி.

டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்திலோ, குழாயில் மருந்து செலுத்தியதுமோ குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் முதல் சந்தேகம் குழாய்மேல் விழ வேண்டும். செருகிய இடத்தில் சிவப்போ சீழோ இல்லை என்பது ஆறுதல் ஆகாது. பலருக்கு அந்த இடம் சுத்தமாகவே தெரியும்.

உறுதி செய்வது, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர்தான். ஆன்டிபயாடிக் போடும் முன்பே, குழாயிலிருந்து ஒன்றும் கை ரத்தநாளத்திலிருந்து ஒன்றுமாக, ஒரே நேரத்தில், ஒரே அளவில் ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குப் புட்டிக்கு 8 முதல் 10 மி.லி. வரை தேவை. இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, குழாய்ப் புட்டியில் அது குறைந்தது 2 மணி நேரம் முந்தித் தெரிந்தால் தொற்றின் ஊற்று குழாய்தான். எது குழாய், எது கை என்று புட்டியில் எழுதாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்த ஒப்பீடே நடக்காது. நடைமுறையில் சோதனை வீணாவது பெரும்பாலும் இப்படித்தான்: முதல் டோஸ் ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுப்பது, ஒரே புட்டி அனுப்புவது, லேபிளில் இடத்தையும் நேரத்தையும் விட்டுவிடுவது. நோயாளி அபாய நிலையில் இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாதுதான். ஆனால் ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1,000 குழாய்-நாட்களுக்கு (ஒருவர் குழாயுடன் இருக்கும் ஒரு நாள் ஒரு குழாய்-நாள்) எத்தனை தொற்று என்று மருத்துவமனைகள் கணக்கு வைக்கின்றன. கல்ச்சரே அனுப்பாத இடத்தில் அந்தக் கணக்கு பூஜ்யமாக இருக்கும். அது சுத்தத்துக்குச் சான்று அல்ல. தொற்றைத் தடுக்கவும் முடியும்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐ.சி.யூ.க்களில் கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி, தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல் போன்ற எளிய நடைமுறைகளால் தொற்று பெருமளவு குறைந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

குழாய் போட்ட தேதி, இன்னும் அது தேவையா, கல்ச்சர் எடுத்தாயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். தொற்று வந்தது என்பது மட்டுமே அலட்சியத்துக்கு நிரூபணம் ஆகாது. கேஸ் ஷீட்டில் உள்ள தேதிகளும் கல்ச்சர் ரிப்போர்ட்டும்தான் பேசும். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இதில் வராது. அங்கே முதலில் டீனிடம் எழுத்துமூலம் புகார் தர வேண்டும், விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தனியார் மருத்துவமனை பற்றிய புகார்களை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் கொடுக்கலாம்.