ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு கோடி ரூபா

லண்டனில் பிள்ளை வேலை செய்யும் வெள்ளவத்தை வீடுகளில் ஐந்தாம் வருடம் நெருங்கும்போது சொந்தக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "பி.ஆர். கிடைச்சிட்டுதோ?" என்பதுதான். அதற்குள் அந்தக் குடும்பம் கட்டி முடித்திருக்கும் தொகையைப் பலர் கூட்டிப் பார்ப்பதில்லை.

2021இல் கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகளாகப் போன ஒரு கணினிப் பொறியியலாளரை எடுத்துக்கொள்வோம். முதல் விசா 3 வருடம், 2024 நடுப்பகுதியில் மேலும் 2 வருட நீடிப்பு. சுகாதார மேலதிகக் கட்டணம் முதல் தடவை பெரியவருக்கு வருடம் 624 பவுண், பிள்ளைக்கு 470. நீடிப்பின்போது அது 1,035 ஆகவும் 776 ஆகவும் ஏறிவிட்டது. நால்வருக்கும் ஐந்து வருடக் கூட்டுத்தொகை 13,808 பவுண். பிறகு பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவிட மனு. 2014இல் 1,093 பவுணாக இருந்த கட்டணம் 2025 ஏப்ரல் 9இல் 3,029 ஆனது. பிள்ளைக்கும் அதே தொகைதான். நால்வருக்கு 12,116. இரண்டையும் சேர்த்தால் 25,924 பவுண். ஒரு பவுணுக்கு 400 ரூபா என்று போட்டால் ஒரு கோடியே 3 இலட்சத்து 69 ஆயிரம். விசா மனுக் கட்டணங்களும், பெரியவர் ஒருவருக்கு 50 பவுணாகும், பிரித்தானிய வாழ்க்கை பற்றிய 24 கேள்விப் பரீட்சையும் இதில் சேரவில்லை.

இத்தனையும் கட்டிய பின்னர் மனு தங்கி நிற்பது முதலாளியின் ஒரு கடிதத்தில். நிறுவனத்தின் கடிதத்தாளில் ஒரு பக்கம் போதும்: இவர் இந்த வேலையில் தொடர்ந்து எமக்குத் தேவை, இன்ன சம்பளம் இப்போது கொடுக்கிறோம், இனியும் கொடுப்போம். கீழே கையொப்பம், திகதி. கடிதம் மட்டும் போதாது. பிரித்தானிய உள்துறை முடிவெடுக்கும் நாளிலும் அந்த நிறுவனம், வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உரிமம் பெற்றோரின் ஸ்பொன்சர் பட்டியலில் இருக்க வேண்டும். சாதாரண மனுவுக்கு ஆறு மாதம்வரை எடுக்கலாம். அதற்கிடையில் முதலாளி உரிமத்தை இழந்தால் மனு நிராகரிக்கப்படலாம், கட்டிய காசு திரும்பாது. தொழிலாளி ஒரு பிழையும் செய்யாமலே இது நடக்கும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பராமரிப்பு வேலைக்குப் போனவர்கள் நிலை இன்னும் மோசம். கொட்டாஞ்சேனையிலிருந்து அந்த வேலைக்குப் போன பெண்ணுக்குச் சுகாதாரக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் 25,000 பவுண் வருடச் சம்பளத்தில் 3,029 என்பது வரி கழிக்குமுன் ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் மட்டும் 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றோடு தொடர்புபட்டவர்கள் 39,000க்கு மேல். உரிமம் போனால், பொதுவாக வேறு ஸ்பொன்சரைத் தேட 60 நாள் தருவார்கள்.

இதற்குமேல், 2025 நவம்பரில் பிரித்தானிய அரசு வைத்த முன்மொழிவு ஐந்து வருடத்தைப் பத்தாக்குகிறது. பட்டத் தகுதிக்குக் கீழான வேலைகளுக்குப் பதினைந்து. ஒரு பெரியவரின் சுகாதாரக் கட்டணம் மட்டும் இன்றைய வீதத்தில் 5,175இலிருந்து 10,350 பவுணாகும். காசைவிடப் பெரிய பாரம், முதலாளியின் தயவில் நிற்கும் வருடங்கள் இரட்டிப்பாவது. குறைந்த சம்பளத்துக்கும் கூடிய நேரத்துக்கும் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

கொழும்பிலிருந்து பிள்ளையை அனுப்ப நிற்கும் பெற்றோரே, நகையை அடகு வைக்குமுன் முதலாளியின் பெயர் உள்துறையின் ஸ்பொன்சர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இணையத்தில் இலவசம். ஸ்பொன்சர் சான்றிதழுக்கென்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் சான்றிதழின் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிட முதலாளிக்கு அனுமதி இல்லை.