ஜெனரல் ஓய்வு பெற்றால்... கோப்பரல் ஓய்வு பெற்றால்...

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் இடம். இராணுவத்தின் 'பரேட்' என்ற சொல்தான் நம் வாயில் பெரட்டாகத் திரிந்தது என்பார்கள். சொல் மட்டும் வரவில்லை. பெரட்டுக்கு முன்னால் கைகட்டி நின்ற துரைமார்களில் பலர் படையிலிருந்து வந்தவர்கள். இரண்டு உலகப் போர்களும் முடிந்த பிறகு, சீருடையைக் கழற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு நிர்வாகிகளாகவும் உதவி நிர்வாகிகளாகவும் கப்பலேறினார்கள். நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், ரந்தாவ், பகாவ் என்று பால் மரம் நின்ற இடமெல்லாம் துரைத்தனம் இருந்தது. இராணுவ அதிகாரி ஓய்வுக்குப் பிறகு தனியார் கம்பெனியில் உட்காருவதை நம் தாத்தா பாட்டிமார் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

அன்று அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நம்மவர்கள் இல்லை என்பது ஒரு பக்கம். ஆனால் அந்தத் துரை தோட்டத்துக்குக் கொண்டு வந்தது அதட்டலையும் ஒழுங்கையும்தான். இராணுவத்துக்குப் பீரங்கி விற்க அவரைக் கம்பெனி வேலைக்கு வைக்கவில்லை.

இன்று கேள்வி அங்கேதான் பிறக்கிறது. 2025 ஆகஸ்ட் 16ஆம் தேதி, மெர்சிங்கில் சிறப்புப் படையின் 60ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். 30 ஆண்டுகளுக்கு மேல் பழைமையான பிளாக் ஹோக் ஹெலிகாப்டர்களை எடுக்கும் யோசனையை அவர் கடுமையாகச் சாடினார். அவற்றைப் பறக்கும் சவப்பெட்டிகளோடு ஒப்பிட்டார். அதோடு விடவில்லை. தற்காப்பு அமைச்சைச் சுற்றி ஏஜெண்டுகளும் விற்பனையாளர்களும் இருப்பதாகவும், அவர்களில் முன்னாள் ஜெனரல்களும் உண்டு என்றும் வெளிப்படையாகச் சொன்னார். காப்பிக் கடையில் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை நாட்டின் ஆயுதப்படைகளின் உச்சத் தலைவரே மேடையில் சொன்ன பிறகு, அதை வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

நெகிரி செம்பிலான்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. போர்ட்டிக்சனில் தரைப்படையின் அடிப்படைப் பயிற்சி மையம், கெமாசில் கவச வாகனப் படைகள் தங்கும் சைட் சிராஜுடின் முகாம் என்று இங்கே இராணுவமும் தோட்டமும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. அரசியலிலும் அப்படித்தான். 2018இல் அன்வார் இப்ராஹிம் நாடாளுமன்றத்துக்குத் திரும்புவதற்காகப் போர்ட்டிக்சன் தொகுதியைக் காலி செய்து கொடுத்தவர் டத்தோ டேன்யல் பாலகோபால் அப்துல்லா. ஓய்வுபெற்ற கடற்படை அட்மிரல், நம் இனத்தில் பிறந்தவர். அந்த இடைத்தேர்தலில் பாஸ் கட்சி நிறுத்தியதும் ஓய்வுபெற்ற ஒரு லெப்டினன்ட் கர்னலைத்தான். ஓய்வுபெற்ற அதிகாரி அரசியலுக்கு வரலாம், கம்பெனிக்குப் போகலாம், டுரியான் தோட்டம் போடலாம். அது அவர் உரிமை. அதில் எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்பதுதான் பேச்சு.

அனுபவசாலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போர்க்கப்பல் கட்டும் தளத்தை நடத்தக் கடல் தெரிந்தவர் வேண்டும். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மக்கள் பணத்தில் பயிற்சி பெற்ற மூளையை வீட்டில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற விடுவதும் வீண்தான். ஆனால் ஓய்வுபெறும் ஜெனரலிடம் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று அவர் கற்ற தொழில். மற்றொன்று அவர் கைப்பேசியில் இருக்கும் எண்கள். நேற்றுவரை அவருக்குச் சல்யூட் அடித்த கர்னல்தான் இன்று டெண்டர் குழுவில் உட்கார்ந்திருக்கிறார். "என்னப்பா, அந்த ஃபைல் எங்கே இருக்கு?" என்று பழைய பாஸ் கேட்டால் அந்தக் கர்னல் என்ன செய்வார்? கம்பெனி சில வேளைகளில் விலை கொடுத்து வாங்குவது முதல் சரக்கை அல்ல, இரண்டாவதை.

இன்னொரு சிக்கல் ஓய்வுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இன்னும் ஓராண்டில் ஓய்வு, பிறகு இந்தக் கம்பெனியில் ஆலோசகர் பதவி என்ற நம்பிக்கை கிடைத்துவிட்டால், அந்தக் கடைசி ஓராண்டில் அவர் போடும் கையெழுத்து யாருக்காக? இதைக் கண்டுபிடிக்க எந்தக் கணக்காய்வாளராலும் ஆகாது. பணமும் கைமாறாது, கடிதமும் இருக்காது.

எல்.சி.எஸ். போர்க்கப்பல் விவகாரத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். ஆறு கப்பல்கள், சுமார் 9.13 பில்லியன் ரிங்கிட். 2022 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 6 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. கையில் ஒரு கப்பல்கூட இல்லை. குத்தகையை எடுத்த பூஸ்டெட் கப்பல் கட்டும் தளத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் முன்னாள் கடற்படைத் தளபதி. வாங்கும் கடற்படை விரும்பியது சிக்மா என்ற வடிவமைப்பை. விற்கும் நிறுவனம் கேட்டது கோவிண்ட் என்ற இன்னொன்றை. நிறுவனம் கேட்டதே அமைச்சு மட்டத்தில் ஏற்கப்பட்டது என்று அந்த அறிக்கை சொல்கிறது. தனி ஒருவரின் நேர்மையைப் பற்றி இங்கே தீர்ப்பு எழுத வரவில்லை. பணியில் இருக்கும் தளபதியின் குரலைவிட, முன்னாள் தளபதி நடத்தும் நிறுவனத்தின் குரல் அமைச்சில் ஓங்கி ஒலித்தது என்றால் அதற்கு ஒரு வேலி வேண்டாமா என்பதே கேள்வி. 2023இல், நம் ரெம்பாவ் நாடாளுமன்ற உறுப்பினர் முகமட் ஹசான் தற்காப்பு அமைச்சராக இருந்த காலத்தில், கப்பல்கள் ஐந்தாகக் குறைக்கப்பட்டன. செலவு 11.2 பில்லியனாக ஏறியது.

அந்தக் கம்பெனி அப்போது யாருடையது? பூஸ்டெட் குழுமத்தின் பெரும் பங்குதாரராக இருந்தது எல்டாட் என்ற ஆயுதப்படைச் சேமநிதி வாரியம். நமக்கு இபிஎப் போல, சிப்பாய்களுக்கு எல்டாட். சாதாரணச் சிப்பாயின் சம்பளத்தில் மாதம் 10 விழுக்காடு கட்டாயமாகப் பிடிக்கப்படுகிறது. அதிகாரிகளுக்கோ அது விருப்பம் போல. அதாவது, உச்சியில் எடுத்த முடிவு தவறிப் போனால் முதலில் அடிபடுவது கட்டாயச் சந்தா கட்டியவனின் பணம். 2018ஆம் ஆண்டுக்கு எல்டாட் கொடுத்த இலாப ஈவு 2 விழுக்காடு. அதே ஆண்டு இபிஎப் கொடுத்தது 6.15 விழுக்காடு. 20,000 ரிங்கிட் வைத்திருந்த சிப்பாய்க்கு 400 ரிங்கிட். அதே தொகை இபிஎப்பில் இருந்திருந்தால் 1,230. கப்பல்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எல்டாட்டின் முதலீடுகளில் வேறு பல சறுக்கல்களும் இருந்தன. ஆனால் பூஸ்டெட் குழுமத்தின் தலைவர் நாற்காலியில் பல்லாண்டு காலம் முன்னாள் ஆயுதப்படைத் தளபதி இருந்தார் என்பதையும், சிப்பாயின் பணத்தைச் சிப்பாய்தான் காப்பான் என்ற நம்பிக்கையில் அந்த ஏற்பாடு நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பதவியின் நட்சத்திரம் முதலீட்டு அறிவுக்குச் சான்றிதழ் ஆகாது.

தோட்ட மக்களுக்கு இந்தக் கதையில் ஒரு கிளைக் கதையும் உண்டு. 2023இல் கடனில் திணறிய பூஸ்டெட், தன் செம்பனைத் தோட்டக் கம்பெனியில் 33 விழுக்காட்டை 1.15 பில்லியன் ரிங்கிட்டுக்குக் கே.எல்.கே. நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தது. பகாவ் பக்கம் ஜெராம் பாடாங் தோட்டக்காரர்களுக்குக் கே.எல்.கே.யை அறிமுகம் செய்ய வேண்டாம். அரசியல் எதிர்ப்பு கிளம்பி, இரண்டு மாதத்துக்குள் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பிறகு எல்டாட்டே அரசாங்க உத்தரவாதத்தோடு தோட்டங்களை எடுத்துக்கொண்டது. ஆக, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் முதலாளி யார் என்பதைக்கூட இராணுவச் சேமநிதியின் கடன் கணக்கு தீர்மானிக்கும் நாடு இது.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? அமெரிக்காவில் பதவி வாரியாகக் காலக்கெடு உண்டு. 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்த சட்டப்படி, ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர ஜெனரல்கள் ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்கும், மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் தற்காப்பு அமைச்சிடம் யாருக்காகவும் பரிந்து பேச முடியாது. ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட குத்தகையில் முக்கிய முடிவெடுத்தவர், அந்தக் கம்பெனியிடம் ஓராண்டுக்குச் சம்பளம் வாங்க முடியாது. ஆனாலும் கம்பெனிக்குள் உட்கார்ந்து வேலை செய்யத் தடையில்லை. எதிர்த்திசையிலும் அங்கே வேலி இருக்கிறது. 2021 தொடக்கத்தில் இருந்த விதிப்படி, முன்னாள் இராணுவ அதிகாரி ஏழு ஆண்டு கழித்தே தற்காப்பு அமைச்சர் ஆக முடியும். லாய்ட் ஆஸ்டின் 2016இல் ஓய்வு பெற்றார், ரேய்தியோன் ஆயுதக் கம்பெனியின் இயக்குநர் வாரியத்தில் இருந்தார், 2021இல் அமைச்சரானார். காங்கிரஸ் தனி விலக்கு கொடுத்தது. வேலி போட்டவர்களே தாண்டவும் ஏணி வைத்துக் கொடுத்தார்கள்.

பிரிட்டன் இதற்கென 1975இல் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. அறிவுரை சொல்லும், கேட்காதவரை ஒன்றும் செய்ய முடியாது. பல்லில்லாத பாம்பு என்று அரை நூற்றாண்டு விமர்சித்த பிறகு 2025 அக்டோபரில் அதை மூடினார்கள். இந்தியாவில் 2001இல் தெஹல்கா செய்தியாளர்கள் வெஸ்ட் எண்ட் என்ற பொய்க் கம்பெனியின் பெயரில், இல்லாத ஒரு கருவியை விற்கப் போனார்கள். பணியில் இருந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மறைவுக் கேமராவில் சிக்கினார்கள். தற்காப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பதவி விலகினார். சிங்கப்பூர் வேறு ரகம். எஸ்.எம்.ஆர்.டி. இரயில் நிறுவனத்தை அடுத்தடுத்து நடத்திய டெஸ்மண்ட் குவெக், நியோ கியான் ஹோங் இருவருமே முன்னாள் ஆயுதப்படைத் தளபதிகள். அங்கே எழுந்தது ஆயுத வியாபாரக் கேள்வி அல்ல, படை நடத்தியவருக்கு இரயில் நடத்தத் தெரியுமா என்ற கேள்வி.

நமக்குத் தேவைப்படுவது சட்டம். 'ஓய்வுக்குப் பின் சேர மாட்டேன்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். தனியார் துறையில் இருக்கும் இளைஞர்களுக்கு இதன் பதில் தெரிந்திருக்கும். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று உங்கள் வேலை ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கக்கூடும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நீதிமன்றங்களும் வேலையை விட்ட பிறகான தடைகளை இந்தப் பிரிவைக் காட்டித் தள்ளியிருக்கின்றன. நமக்கு நல்ல பாதுகாப்பு அது. ஆனால் அதே கேடயத்தை ஜெனரலும் தூக்கிப் பிடிக்கலாம். அதனால் நாடாளுமன்றமே தனிச் சட்டமாக எழுதினால்தான் பிடி இறுகும்.

எழுதும்போது 'வேலை' என்ற சொல்லோடு நிறுத்தக்கூடாது. ஆலோசகர், கௌரவத் தலைவர், பங்குதாரர், மனைவி மக்கள் பெயரில் கம்பெனி எல்லாம் அடங்க வேண்டும். யார் எந்தக் கம்பெனியில் சேர அனுமதி வாங்கினார் என்பது பொதுமக்கள் பார்க்கும் பட்டியலில் இருக்க வேண்டும். டெண்டர் போடும் கம்பெனி, தன்னிடம் எத்தனை முன்னாள் உயரதிகாரிகள் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று அந்த டெண்டரிலேயே எழுதித் தர வேண்டும். மறைத்தால் குத்தகை ரத்து. அதிகாரிக்கு மட்டும் தண்டனை என்றால் கம்பெனி அடுத்தவரைத் தேடிப் போகும்.

இந்த வேலிக்குள் சாதாரணச் சிப்பாயைச் சிக்கவைத்துவிடக் கூடாது. தோட்டத்து லயத்திலிருந்து பதினெட்டு, இருபது வயதில் படைக்குப் போன பையன், 21 ஆண்டு முடித்தால்தான் பென்ஷன். நாற்பது வயதில் வெளியே வருகிறான், பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில். முழுத் தவணை முடிக்காமல் வந்தவனுக்கு மாதாமாதம் பென்ஷனும் கிடையாது. பெர்ஹெபாட் என்ற முன்னாள் படைவீரர் கழகம் தொழிற்பயிற்சி கொடுக்கிறது. சிலர் அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகிறார்கள். மற்றவர்களுக்குக் கிடைப்பது லாரி ஓட்டும் வேலை, தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, இல்லையென்றால் அப்பா பால் வெட்டிய அதே தோட்டத்தின் கேட்டில் தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கும் வேலை. அந்த ஜாகா வேலைக்கும் அவன் நேப்பாளிகளோடு போட்டி போட வேண்டும். அவனைக் கூப்பிட்டு ஆலோசகர் பதவி கொடுக்க எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. அமைச்சில் அவனுக்கு எடுக்கத் தொலைபேசி எண்ணும் இல்லை. கர்னலுக்கு மேல் என்றோ, கொள்முதல் பிரிவில் இருந்தவர் என்றோ சட்டத்தில் தெளிவாகக் கோடு போட்டால், 'முன்னாள் படைவீரர்களின் பிழைப்பில் மண் போடுகிறார்கள்' என்ற கூச்சலுக்கும் இடமிருக்காது.

2025 ஆகஸ்ட்டில்தான் மக்களவையில் அரசாங்கக் கொள்முதல் மசோதா நிறைவேறியது. கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் என்ற பேச்சு இவ்வளவு காலம் கழித்துக் கைகூடியிருக்கிறது. ஓய்வுபெற்ற ஜெனரல்களுக்கான காலக்கெடுவையும் அடுத்த திருத்தத்தில் கேட்கலாம். சிரம்பான், ரெம்பாவ், போர்ட்டிக்சன், தம்பின், ஜெலுபு, ஜெம்போல், கோலப்பிலா, ராசா என்று நம் மாநிலத்துக்கு எட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தொகுதிச் சேவை மையத்துக்கு அடுத்த முறை சாலை விளக்கு, லயத்துத் தண்ணீர்க் குழாய் என்று மனு கொண்டு போகிறவர்கள், இந்தக் கேள்வியையும் அதோடு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.