பெரியநாயக்கன்பாளையத்தில் வீட்டு விரிவாக்கமும் கட்டட அனுமதியும்

இருக்கும் வீட்டின் மேல் மாடி எழுப்பவோ, பக்கவாட்டில் அறை சேர்க்கவோ, பழைய பகுதியை இடித்துக் கட்டவோ உள்ளாட்சி அமைப்பிடம் முன்கூட்டியே பெற வேண்டிய ஒப்புதல் கட்டட அனுமதி எனப்படும். பேச்சுவழக்கில் இது 'பிளான் அப்ரூவல்'. கோயம்புத்தூர் – மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையம், ஆலைகளின் வரவால் வளர்ந்த ஊர். தாத்தா காலத்து ஓட்டு வீடுகளின் இடத்தில் மாடி வீடுகள் எழும் இத்தகைய ஊர்களில் இந்த அனுமதி பற்றிய ஐயங்கள் மிகுதி.

யாரிடம் விண்ணப்பிப்பது?

பெரியநாயக்கன்பாளையம் என்ற பெயரில் பேரூராட்சியும் உண்டு, ஊராட்சி ஒன்றியமும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். பேரூராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால் செயல் அலுவலரிடமும், பிளிச்சி, சின்னத்தடாகம் போன்ற ஊர்களில் இருந்தால் அந்தந்தக் கிராம ஊராட்சியிடமும் அனுமதி பெற வேண்டும். அருகிலுள்ள கூடலூர் நகராட்சியாகிவிட்டது. பெரிய கட்டடங்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பார்வைக்குச் செல்லும். மேற்கே மலையடிவாரத்தில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வரும் கிராமங்களில் கூடுதல் இசைவு தேவைப்படும். வீட்டு மனை எந்த எல்லையில் உள்ளது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டால் வீண் அலைச்சல் குறையும்.

எதற்கு அனுமதி வேண்டும்?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை. வெள்ளையடித்தல், பூச்சு வேலை, தரைக்கல் மாற்றுதல், உடைந்த ஓடுகளை மாற்றுதல் போன்ற பராமரிப்புப் பணிகளுக்கு அனுமதி தேவையில்லை. கட்டடத்தின் பரப்போ உயரமோ கூடினால் அனுமதி வேண்டும். 'ஒரே ஒரு ரூம்தானே' என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான விதிமீறல்கள் தொடங்குகின்றன. அந்த ஓர் அறை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காற்றும் வெளிச்சமும் வர விடவேண்டிய இடைவெளியை அடைத்துவிடக்கூடும்.

வரி ரசீது அனுமதி ஆகுமா?

ஆகாது. முப்பது ஆண்டுகளாக வீட்டு வரி கட்டுகிறோம், மின் இணைப்பு இருக்கிறது, ஆகவே வீடு முறையானது என்று பலர் நம்புகின்றனர். அனுமதியின்றிக் கட்டிய வீட்டுக்கும் உள்ளாட்சி அமைப்பு வரி விதிக்கும். அதனால் அக்கட்டடம் ஒப்புதல் பெற்றதாகிவிடாது. இது தெரியவருவது பெரும்பாலும் மாடி கட்ட வங்கிக் கடன் கேட்கும்போதுதான். அப்போது முதலில் கேட்கப்படுவது பழைய வீட்டின் வரைபட ஒப்புதல்.

வரைபடத்தைவிட நில ஆவணங்களே அதிகம் காக்க வைக்கின்றன. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பாகம் பிரித்துப் பல்லாண்டு ஆன பின்பும் பட்டா மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருப்பது சாதாரணம். அண்ணன் தம்பிகள் வாய்வழியாகப் பேசி முடித்த பாகம் அலுவலகத்தில் செல்லாது. வாரிசுச் சான்று பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரத்தையோ விடுதலைப் பத்திரத்தையோ பதிவு செய்து, வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியே பட்டாவைப் பெயர் மாற்றிய பிறகே விண்ணப்பம் நகரும். வெளியூரில் இருக்கும் பங்காளி ஒருவரின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதும் உண்டு. ஆகவே பொறியாளரைப் பார்க்கும் முன்பே பட்டாவைப் பார்ப்பது நல்லது.

மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்பதும் பார்க்கப்படும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து 2017இல் மனை வரன்முறைத் திட்டம் வந்தது. வரன்முறை ஆணை இல்லாத மனையில் கட்டட அனுமதி கிடைப்பது கடினம்.

விண்ணப்பம்

பத்திரம், பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வரி ரசீது ஆகியவற்றுடன், பதிவுபெற்ற பொறியாளர் தயாரித்த வரைபடம் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவேற்றப்படுகிறது. இருக்கும் பகுதி, சேர்க்கும் பகுதி, இடிக்கும் பகுதி ஆகியவற்றை வரைபடத்தில் தனித்தனியே காட்ட வேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர் கான்கிரீட் தளத்தின் எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் நேரில் ஆராய்ந்து சொல்ல வேண்டும். கொத்தனாரின் அனுபவம் மட்டும் இதற்குப் போதாது.

2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி கிடைக்கிறது. தரைத்தளம் அல்லது அதனுடன் முதல் தளம் மட்டுமே இதில் அடங்கும். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை என்பதால் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் மேல் விழுகிறது. தவறான விவரம் தந்தால் அனுமதி ரத்தாகும்.

அனுமதியின்றிக் கட்டினால்

நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி பணியை நிறுத்தவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், பணிநிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் மேல் கடன் தர வேண்டும் என்றும், மின்சாரம், குடிநீர் போன்ற இணைப்புகளும் அதன் பிறகே தரப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. சிறிய வீடுகள் சிலவற்றுக்கு இச்சான்றிலிருந்து மாநில விதிகள் விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கு தம் வீட்டுக்குப் பொருந்துமா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.