போனின் தவணை முடிந்த பிறகு

பிரிட்டனில் காண்ட்ராக்டில் போன் வாங்கியவருக்கு இரண்டு வருடம் நெருங்கும்போது ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரும். காண்ட்ராக்ட் எந்தத் தேதியில் முடிகிறது, இப்போது எவ்வளவு கட்டுகிறோம், இனி எவ்வளவு, அவர்களிடம் உள்ள நல்ல திட்டங்கள் என்னென்ன என்று அதில் இருக்கும். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2020 பிப்ரவரியில் இதைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலானோர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். நாம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்போம்.

‘காண்ட்ராக்ட் முடிந்தால் பில் தானாகக் குறைந்துவிடும்’ என்றுதான் ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறோம். பல சமயம் குறையாது. மளிகைக்கடைக்காரர் நமக்குத் தவணையில் ஒரு மிக்ஸி கொடுத்து, மாதாமாதம் அரிசி பருப்புக் கணக்கோடு சேர்த்து ஒரே தொகையாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸிக் கடன் தீர்ந்த பிறகும் நாம் சீட்டைப் பார்க்காமல் அதே தொகையைக் கொடுத்தால் அவருக்கு வருத்தமா என்ன?

போன் பில்லும் அப்படித்தான். உதாரணத்துக்கு, மாதம் 40 பவுண்டு கட்டுகிறோம். அதில் 25 கருவியின் விலை, 15 பேச்சுக்கும் டேட்டாவுக்கும் என்று இருக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிய காண்ட்ராக்டில், கடன் தீர்ந்த பிறகும் 40 போய்க்கொண்டே இருக்கக்கூடும். ஓ2 என்ற கம்பெனியைப் போல இரண்டையும் தனித்தனியாக எழுதும் இடங்களில் கருவித் தவணை தானாக நின்றுவிடும். 2019இல் ஆஃப்காம் கேட்டுக்கொண்டதால், இப்படிக் காலம் கடந்த வாடிக்கையாளர்களுக்குக் குறைப்பதாகச் சில கம்பெனிகள் ஒப்புக்கொண்டன, த்ரீ என்ற கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே நம் பில்லை நாமே பார்ப்பதுதான் வழி.

கையிலுள்ள போன் நன்றாக ஓடினால் நமக்குத் தேவை ‘சிம் ஒன்லி’, அதாவது கருவி இல்லாத வெறும் இணைப்பு. எவ்வளவு டேட்டா எடுப்பது? போனின் செட்டிங்ஸிலோ கம்பெனியின் ஆப்பிலோ கடந்த மாதங்களின் கணக்கு இருக்கும். வீட்டிலும் வேலையிடத்திலும் வைஃபை உள்ளவர்கள் அதைப் பார்த்தால் அசந்துபோவார்கள். ‘அன்லிமிடெட்’ என்று கட்டிவிட்டு அதில் மிகச் சிறு பங்கைத்தான் தொட்டிருப்பார்கள்.

மலிவு என்றால் சிக்னல் மோசம் என்ற பயம் வேண்டாம். இ.இ., ஓ2, வோடஃபோன், த்ரீ ஆகிய பெரிய நெட்வொர்க்குகளில் கடைசி இரண்டும் 2025இல் ஒரே கம்பெனியாகிவிட்டன. மற்ற பெயர்கள் இவர்களின் நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து நடத்துபவை: கிஃப்காஃப் ஓ2விலும், லெபாரா வோடஃபோனிலும் ஓடுகின்றன. இலங்கைத் தமிழரான அல்லிராஜா சுபாஸ்கரன் தொடங்கிய லைகா மொபைலும் இந்த ரகம்தான். வைஃபை வழியாகப் பேசும் வசதி இருக்கிறதா, ஊருக்குப் போகும்போது ரோமிங் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்தில் ஐரோப்பாவுக்கு இலவசம் என்பதால் சென்னைக்கும் கொழும்புக்கும் இலவசம் என்று ஆகிவிடாது.

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறுவது எளிது. பி.ஏ.சி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை 65075 என்ற எண்ணுக்கு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு குறியீடு வரும். 30 நாள் செல்லும். புதிய கம்பெனியிடம் அதைக் கொடுத்தால் அடுத்த வேலைநாளில் நம் எண் அங்கே போய்விடும், பழைய இணைப்பும் தானாக முடிந்துவிடும். பழைய இடத்துக்குப் போன் செய்து முதலிலேயே ‘ரத்து செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இணைப்பை மூடிவிட்டால் எண்ணும் கைவிட்டுப் போகலாம்.