அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே: முதியவர்கள் கூடி வெளியே போவது ஏன் அவசியம்?

பொத்துவிலில் அஸர் தொழுகை முடிந்து மஃரிப் பாங்கு கேட்கும்வரை ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் உண்டு. கிழக்குக் கரை என்பதால் பின்னேரத்துச் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். கண் கூசாமல் கடலைப் பார்த்திருக்கலாம். வயதான ஆண்கள் வெளியே இறங்கும் நேரம் இது. பள்ளிவாசல் விறாந்தையில் சிலர், தேத்தண்ணிக்கடை வாங்கில் சிலர், கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களின் ஓரத்தில் சிலர். நெல் விலை, மீன் விலை, யார் வீட்டுக் கலியாணம், எந்த ஊரில் ஜனாஸா என்று பேச்சுக்குக் குறைவிருக்காது.

இதை யாரும் வைத்தியம் என்று நினைப்பதில்லை. ஆனால் முதுமையை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான். வயது போனவர்களுக்கு நடையும் வேண்டும், நடக்கும்போது பக்கத்தில் ஆளும் வேண்டும்.

இலங்கைக்கு இது அவசரமான செய்தி. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 8 பேர்கூட இல்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அது 12ஐத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அதற்கேற்ப ஊர்களின் அமைப்பு மாறவில்லை.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் போதும். பலரும் கவனிக்காமல் விடுவது அதே வழிகாட்டலின் இன்னொரு வரி: வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலையைப் பழக்கும் பயிற்சியும் வேண்டும். காரணம், விழுதல். உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து சாகிறார்கள். அதில் 60 வயதைத் தாண்டியவர்களின் பங்கே அதிகம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, பிறகு கட்டிலைவிட்டு எழும்பாமலே போன ஒருவரையாவது எல்லாக் குடும்பமும் கண்டிருக்கும்.

தனியாக நடந்தால் போதாதா? போதும், தொடர்ந்து நடந்தால். தனியாக நடப்பவர் நாலாம் நாள் நின்றுவிடுவார் என்பதுதான் பிரச்சினை. பிரிட்டனில் 2015இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, நடைக் குழுக்கள் பற்றிய 42 ஆய்வுகளை, மொத்தம் 1,843 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. கூட்டமாக நடந்தவர்களுக்கு மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 3.7 அலகு குறைந்திருந்தது; ஆறு நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரம் ஏறத்தாழ 80 மீற்றர் கூடியிருந்தது; மனச்சோர்வும் தணிந்திருந்தது. பாரதூரமான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. ஒரு மாத்திரைக்கு இப்படியொரு சான்று கிடைத்தால் அதை எல்லா வைத்தியசாலைகளிலும் எழுதிக் கொடுப்பார்கள்.

தனிமையின் கணக்கு இதைவிடக் கனமானது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சமூகத் தொடர்பு ஆணைக்குழு 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை, வருடத்துக்கு 871,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என மதிப்பிட்டது. பேச ஆளில்லாமல் இருப்பது மனவருத்தம் மட்டுமல்ல. உடம்புக்கும் அது நோய்தான்.

பொத்துவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று நீளும் இந்தக் கரையில் யாருக்குத் துணை குறைவு, யாருக்கு நடை குறைவு என்பதை விளங்கிக்கொள்ள, வீடுகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். இங்கே முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போவான். இந்தத் தாய்வழிக் குடி முறையை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து 2008இல் நூலாகவே எழுதியிருக்கிறார். அதன் விளைவு முதுமையில் துலக்கமாகத் தெரியும். ஒரே ஒழுங்கையில் ராத்தா, தங்கச்சி, அவர்களின் பெண்மக்கள் என்று வேலிக்கு வேலி சொந்தம். எழுபது வயதுப் பெண்ணுக்குப் பேச்சுத்துணை பிறந்த நாளிலிருந்தே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவருடைய கணவரோ அந்த ஒழுங்கைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். அவருடைய காக்காவும் தம்பிமாரும் சின்ன வயதுக் கூட்டாளிகளும் வேறு வேறு ஒழுங்கைகளுக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டார்கள். அவர்களைக் காண அவர் வெளியே வந்துதான் ஆக வேண்டும். முழங்கால் நோவில் அவர் வீட்டோடு இருந்துவிட்டால் அவருடைய கூட்டமே அவருக்கு இல்லாமல் போகிறது.

ஆக, இந்தக் கரையில் ஆணுக்கு வெளி உண்டு, நடை குறைவு; வந்த இடத்தில் குந்திவிடுகிறார். பெண்ணுக்குத் துணை உண்டு, வெளி குறைவு. வேலியைத் தாண்டி நடக்க அவருக்கு நேரமும் இடமும் ஒதுக்கப்படவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே திட்டத்தைப் போட்டால் சரிவராது.

சுனாமி இதை இன்னும் சிக்கலாக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கரையோரத்திலிருந்து உள்ளே தள்ளிக் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் அந்த வேலிக்கு வேலி உறவு கலைந்தது. ஒழுங்கையோடு சேர்த்துக் கடற்கரையையும் இழந்தவர்கள் அன்றைய நடுத்தர வயதினர். இன்று அவர்கள்தான் முதியவர்கள்.

இருக்கிற பழக்கங்களில் எது உடம்புக்கு நல்லது என்று பார்த்தால், எடுத்துக்கொள்ள நிறையவே உண்டு. டாம் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சீமெந்து வாங்கில் கரியால் கீறிய கட்டம், ஒருவருக்கு நிமிர்த்தி வைத்த சோடா மூடி, மற்றவருக்குக் கவிழ்த்து வைத்த சோடா மூடி. செலவு அவ்வளவுதான். நியூயோர்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளில் நடனத்தில் மட்டுமே அந்தத் தொடர்பு காணப்பட்டது. ஆடியதால்தான் நோய் வரவில்லை என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூளை தெளிவாக இருந்தவர்களே ஆடியிருக்கவும் கூடும். ஆனாலும் நடனம் என்றதும் இந்தக் கரையில் நினைவுக்கு வர வேண்டியது பொல்லடி.

கிழக்கு முஸ்லிம்களின் பழைய கலை அது. கலியாண ஊர்வலத்திலும் பெருநாள் விழாவிலும் ஆடப்படுவது. ஆட்டக்காரர்கள் கையில் பொல்லோடு வட்டமாக நிற்பார்கள். அண்ணாவியார் பாட்டெடுப்பார். தாளத்துக்கு அடிவைத்து, எதிரே வருபவரின் பொல்லில் தட்டி, உடனே உடம்பைத் திருப்பி, அடுத்தவரின் பொல்லில் தட்டி, மீண்டும் முன்னே நகர வேண்டும். ஒருவர் அரைக்கணம் பிந்தினால் வட்டம் முழுவதும் குழம்பும். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றுவது, திரும்புவது, காதில் விழுந்ததைக் காலுக்குக் கடத்துவது எல்லாமே வழிகாட்டல் கேட்கும் சமநிலைப் பயிற்சிதான். தாளத்தைப் பாதியாகக் குறைத்து, குனிந்து எழும்பும் அடிகளை விட்டுவிட்டால், மூத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு தேட வேண்டியதில்லை. கலையைத் தெரிந்தவர்களும் பெரும்பாலும் வயதானவர்களே. வாரத்தில் இரண்டு பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் அவர்கள் நின்று பேரப்பிள்ளைகளுக்குப் பழக்கினால், பயிற்சியும் நடக்கும், கலையும் கைமாறும்.

கூட்டமாக நடப்பதற்குப் பொத்துவில் வேறொரு பெரிய உதாரணத்தையும் வருடாவருடம் காண்கிறது. யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் வழியாக வந்து, பொத்துவிலையும் பாணமையையும் தாண்டி உகந்தை முருகன் கோயிலை அடைகிறது. அங்கிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கும்புக்கன் ஓயாவைக் கடந்து கதிர்காமம். முழு யாத்திரைக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் எடுக்கும். இதில் நடப்பவர்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள், அதிலும் வயதான பெண்கள், ஏராளம்.

அவர்களால் எப்படி முடிகிறது? பக்தி முதற்காரணம், அதை வேறெதுவும் ஈடுசெய்யாது. ஆனால் நடையின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. விடியுமுன் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் கோயில் வளவிலோ மரநிழலிலோ தங்குகிறார்கள். சேர்ந்து சமைக்கிறார்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் ஒருவரையொருவர் "சாமி" என்றே அழைக்கிறார்கள். பின்தங்குபவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போவதில்லை. நேரம், நிழல், தண்ணீர், துணை ஆகிய நான்கும் சரியாக இருந்தால் வயதான கால்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பொத்துவில் தெருவிலேயே சாட்சி உண்டு. கதிர்காமத்தில் கிழுறு நபியின் பெயரோடு இணைந்த பள்ளிவாசலும் இருப்பதால், அந்தப் பாதை முஸ்லிம்களுக்கும் அந்நியமானதல்ல.

பெண்களின் வெளிக்கு இன்னொரு முன்மாதிரி மிக அருகிலேயே இருக்கிறது. அறுகம்பேயில் 2018இல் இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கப்பட்டது. அதுவரை அந்த அலைகள் உள்ளூர் ஆண்களுக்கும் வெளிநாட்டவருக்குமே உரியவையாக இருந்தன. பெண்கள் கடலில் இறங்குவது சரியா என்று கேட்ட ஊரில், தனியாக இறங்கத் தயங்கியவர்கள் கூட்டமாக இறங்கினார்கள். அவர்களில் பிள்ளை பெற்ற தாய்மாரும் உண்டு. மூத்தம்மாமார் அலைப்பலகையில் ஏற வேண்டியதில்லை. ஒழுங்கையில் ஏற்கெனவே கூடியிருக்கும் ஐந்தாறு ராத்தா தங்கச்சிமார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிய பிறகு களப்புப் பக்கமாகச் சேர்ந்து போய்வர ஒரு பாதையும் நேரமும் ஊர் சம்மதத்தோடு ஒதுக்கப்பட்டால் போதும். பொத்துவில் களப்பில் கண்டல் மரங்களுக்கிடையே உல்லாசப் பயணிகளை மீனவர்கள் தோணியில் அழைத்துப் போகிறார்கள். ஆளில்லாத காலத்தில் அதே தோணியில் ஊரின் மூத்த பெண்கள் போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெளிநாடுகளிலும் இப்படித்தான் சின்னதாகத் தொடங்கியிருக்கிறது. ஜப்பானில் 1947இல் சிறுவர்களுக்கென உருவான கேட்போல் என்ற மரச்சுத்தியல் பந்தாட்டத்தை முதியவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். மும்பையில் 1995 மார்ச் மாதம் டொக்டர் மதன் கட்டாரியா பூங்காவொன்றில் ஐந்து பேரோடு தொடங்கிய சிரிப்புக் கழகம் இன்று பல நாடுகளில் உண்டு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கடற்கரையில் நடக்கும்போது அலை நனைத்த கெட்டி மணலிலேயே நடக்க வேண்டும். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். கால் புதையும் காய்ந்த மணல் இளைஞனுக்குப் பயிற்சி. இருதய நோயாளிக்கும் முழங்கால் தேய்ந்தவருக்கும் ஆபத்து. சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. சிப்பி கிழித்தது உணர்ச்சி மரத்த பாதத்துக்குத் தெரியாது. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்பதே வேகத்தின் அளவு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர நடையை இன்னும் பிந்தி வைக்கலாம், அல்லது சுபஹ் தொழுகைக்குப் பின் மாற்றலாம். நெஞ்சு இறுகினால் யாரிடமும் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும். கூட்டமாகப் போவதன் பயன் அப்போதுதான் தெரியும்.

ஊர் செய்துகொடுக்க வேண்டியதும் பெரிய காரியமல்ல. சாய்மானமும் கைப்பிடியும் உள்ள வாங்குகள், ஏனென்றால் கைப்பிடி இல்லாத வாங்கில் உட்கார்ந்தவர் எழும்ப மாட்டார். நிழல் மரங்கள். குடிதண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறை. அடிக்கடி சலம் போக வேண்டியிருக்கும் சீனி வருத்தக்காரரும் வயதான பெண்ணும், கழிப்பறை இல்லாத கரைக்கு ஒருநாள் வந்தால் மறுநாள் வரமாட்டார்கள்.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபையும் தேசிய செயலகமும் அமைந்தன. கிராம உத்தியோகத்தர் பிரிவு தோறும் முதியோர் சங்கம் அமைக்கும் ஏற்பாடும் உண்டு. 60 வயதானவர் அதில் சேரலாம். பிரதேச செயலகத்தின் ஊடாகக் கோரிக்கை வைக்கலாம். கரையோர வாங்கும் வெளிச்சமும் பிரதேச சபையின் வேலை.

ஒக்டோபர் 1ஆம் திகதி இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாகக் கொண்டாடப்படுகின்றன. அன்று முதியவர்களுக்கும் போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்குப் பின் இந்தக் கரையில் மாரி தொடங்கிவிடுகிறது. ஜனவரிவரை கடற்கரை நடைக்கு வழியில்லை. ஆகவே நடைக் குழு தொடங்க நினைக்கும் சங்கம் மாரிக்குள்ளேயே ஆள் சேர்த்து, மதரஸா மண்டபத்தில் பொல்லடியையும் டாமையும் நடத்திக்கொண்டு, மழை விட்டதும் பெப்ரவரியில் கரைக்கு இறங்கலாம். முதல் மாதம் பள்ளிவாசலிலிருந்து கடற்கரைவரை போய்வந்தாலே போதும்.