என்றைக்கோ, என்றைக்காவது

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மயிலம் முருகனும் சுற்றுவட்டாரக் கோயில்களின் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். ஆங்கில நாள்காட்டியில் அந்த நாள் ஒரு வருடம் பிப்ரவரியில் விழும், இன்னொரு வருடம் மார்ச்சில் விழும். தேதி மாறினாலும் மகம் வராமல் போகாது. நாள் தெரியாதது வேறு, நடக்குமா என்பதே தெரியாதது வேறு. ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் காலத்தைத் திட்டமாகச் சொல்லாத சொற்களைப் பழகும்போது முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

‘சம்டைம்’ என்றால் காரியம் நடக்கும், நாள் மட்டும் முடிவாகவில்லை. ‘சம்டே’ என்பது ஆசை; உத்தரவாதம் கிடையாது. ‘ஈவென்சுவலி’ என்றால் இழுத்தடித்தாலும் கடைசியில் நடந்தே தீரும். ‘ஒன் டே’ போன காலத்துக்கும் போகும், வரும் காலத்துக்கும் வரும். அங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘என்றைக்கோ நடந்தது’ என்போம், ‘என்றைக்காவது நடக்கும்’ என்போம்; ‘என்றைக்காவது நடந்தது’ என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஒரு சின்ன ஓகாரத்திலும் ஓர் ‘ஆவது’விலும் நாம் பிரித்துவிடுவதை ஆங்கிலத்தின் ‘ஒன் டே’ பிரிப்பதில்லை.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இன்றும் இயங்கும் ஊர் இது. பிரெஞ்சில் ‘எவான்துயெல்மான்’ என்றால் ‘தேவைப்பட்டால், ஒருவேளை’ என்று பொருள். ஆங்கில ‘ஈவென்சுவலி’க்கும் அதற்கும் வேர் ஒன்றே. ஒன்று உறுதி சொல்கிறது, மற்றது சந்தேகம் சொல்கிறது. இரண்டு மொழியும் படிப்பவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் வாக்குறுதியே தலைகீழாகிவிடும்.

‘முன்னாள்’ என்பதும் இந்த ஊரில் எளிதான சொல் அல்ல. நம் நாட்டு ஆங்கில இதழ்கள் புதுச்சேரியை ‘எர்ஸ்ட்வைல்’ பிரெஞ்சுப் பகுதி என்று எழுதுகின்றன. எந்த நாளிலிருந்து முன்னாள்? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தானது. சட்டப்படி ஊர் இந்தியாவுக்கு வந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நிர்வாகத்தில் முன்னாள் பிரெஞ்சு நகரமாகவும், சட்டத்தில் இந்நாள் பிரெஞ்சு நகரமாகவும் இது இருந்தது.

ஆங்கிலக் காலச் சொற்களின் வரலாறு இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. ‘சூன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்று பொருள். ‘அனான்’, ‘பிரசென்ட்லி’ இரண்டும் அப்படித்தான் தொடங்கின. ‘தோ வந்துட்டேன்’ என்றவர் வந்து சேர அரை மணி ஆவதுபோல, எல்லாமே ‘கொஞ்சம் கழித்து’ என்று நழுவிவிட்டன. சொன்னவர்கள் தாமதிக்கத் தாமதிக்க, கேட்டவர்கள் சொல்லின் பொருளையே தளர்த்திக்கொண்டார்கள்.

இந்தத் தளர்ச்சியின் விலை என்ன என்பது கடலோரத்தில் தெரியும். இங்கே வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே சேர்ந்த மணலை எடுத்து வடக்கே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது முறையாக நடக்காததால் வடக்குக் கரை அரிக்கப்பட்டு, மணல் இருந்த இடத்தில் கருங்கல் வந்தது. கரைவலை இழுக்க அகலமான மணல் வேண்டும். படகை ஏற்றி வைக்கவும் வேண்டும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் கடலுக்கடியில் தடுப்பு அமைத்த பிறகு நகரக் கடற்கரையில் கொஞ்சம் மணல் திரும்பியது. வடக்கே உள்ள குப்பங்களுக்கு எப்போது?

மீனவர்கள் காலத்தை மொட்டையாகச் சொல்வதில்லை. ‘சுனாமிக்கு முந்தி’ என்றால் 2004 டிசம்பர் 26-க்கு முன்பு; ‘தானே அடிச்ச வருசம்’ என்றால் தானே புயல் வந்த 2011. அப்படிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, அரசு அலுவலக ஆங்கிலத்தின் ‘இன் டியூ கோர்ஸ்’ பதிலே ஆகாது. அதில் நாளும் இல்லை, நடக்கும் என்ற உறுதியும் இல்லை.

அரசுகளுக்குத் திட்டமாக எழுதத் தெரியாமல் இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர், சட்டப்படி ஊர் கைமாறியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதே 1956 ஒப்பந்தம் சொன்னது. அந்தக் கெடுவை நம்பித்தான் 1962-இல் குடும்பங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தன. மக்களுக்குக் கெடு வைத்த அரசுகள் தங்களுக்கும் கெடு வைத்துக்கொள்ளட்டும். மணல் பற்றி வரும் அடுத்த கடிதத்தில் ‘ஈவென்சுவலி’ என்று இருந்தால், வைத்திக்குப்பத்தின் படித்த பிள்ளைகள் அதை வீட்டில் வாசித்துக் காட்டி, தேதி கேட்டுப் பதில் எழுத வேண்டும். ஆங்கிலம் கற்றதன் பயன் அதுதான்.